இருநூற்றுப் பதினான்காம் எண் கால்

போன வாரம் திண்டிவனத்தில் பார்த்தபோது, வி.எம்.முக்குள் ஓடும் சாஃப்ட்வேரோடு, வெளியே இருக்கிற ஷேர் ஃபோல்டரை எப்படி இணைப்பது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. எந்த முகவரி, யாருக்கு என்ன அனுமதி, எந்த டிரைவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துச் செய்தால் இணைப்பு கிடைத்துவிடும். ஆனால் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமல் இருக்க அந்தத் தாள் போதாது. அதனால்தான் இந்த நீளமான கடிதம். பொறுமையாகப் படியுங்கள். ஓய்வு பெற்றவனுக்குப் பேச்சுத்துணை குறைவு.

என் வேலையின் கடைசி சில வருடங்கள் விழுப்புரத்தில், செயற்கைக் கால் செய்து கொடுக்கும் ஓர் அறக்கட்டளை நிலையத்தில் கழிந்தன. திண்டிவனத்தில் அதற்கு ஒரு சின்னக் கிளை இருந்தது. நான் கால் செய்பவன் இல்லை. கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட்வொர்க், சில நாள் தண்ணீர் மோட்டார், இவை என் பொறுப்பு. காலை இழந்தவர் வந்து உட்கார்ந்தால், மீதமிருக்கும் காலை ஸ்கேனர் சுற்றிப் பார்த்து அதன் வடிவத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அந்த வடிவத்தைத் திருத்தி, மெஷினில் அச்சாகக் கடைந்து, அதன் மேல் பிளாஸ்டிக்கில் குழி போன்ற ஒரு சாக்கெட் செய்வார்கள். மீதிக் கால் அதற்குள் இறங்கி உட்கார வேண்டும். அது சரியாக அமைந்தால்தான் நடை.

கடைசல் மெஷினோடு வந்த சாஃப்ட்வேர் மிகப் பழையது. அது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஒரு நாள் மண்டையைப் போட்டது. நான் சர்வரில் ஒரு வி.எம்., அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், உண்டாக்கி, பழைய விண்டோஸை அதற்குள் போட்டு, சாஃப்ட்வேரைக் குடியேற்றினேன். விழுப்புரத்து ஆட்களும் திண்டிவனத்து ஆட்களும் அந்த ஒரே வி.எம்.முக்குள் நுழைந்துதான் வேலை செய்தார்கள். ஒவ்வொருவருடைய கால் வடிவமும் ஓர் எண்ணைப் பெயராகக் கொண்டு, அலுவலக அலமாரியில் இருந்த பொதுச் சேமிப்புப் பெட்டியில், அதாவது ஷேரில், போய் விழும். யாருக்கு எந்த எண், அடுத்த எண் எது என்ற பட்டியல் மட்டும் வி.எம்.முக்குள்ளேயே இருக்கும். இந்த இரண்டு வரியைத் திரும்பப் படியுங்கள். வடிவம் வெளியே இருந்தது, எண் உள்ளே இருந்தது.

எல்லாம் ஒழுங்காக ஓடிய ஒரு நாளில் வி.எம்.மை அன்றிருந்த நிலையிலேயே படம் பிடித்ததுபோல் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அதற்கு ‘நல்ல நாள்’ என்று பெயர் வைத்திருந்தேன். வி.எம். முரண்டு பிடிக்கும்போதெல்லாம் நல்ல நாளுக்குத் திருப்பிவிடுவேன். மூன்றே நிமிடத்தில் புத்தம் புதிதாக எழுந்து நிற்கும். சாருக்குக் கைராசி என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. திருப்பினால் அந்த நாளுக்குப் பிறகு பதிந்த பெயர்கள் பட்டியலில் இருந்து போய்விடும். அதனால் உடனே உட்கார்ந்து, காகிதப் பதிவேட்டைப் பார்த்து, அதே எண்களில் அந்தப் பெயர்களை மறுபடி ஏற்றிவிடுவேன். வடிவங்கள்தான் வெளியே பத்திரமாக இருக்கின்றனவே.

ஒரு திங்கட்கிழமை காலையில் வி.எம். உறைந்துபோனது. திண்டிவனத்தில் அன்று முகாம். அனந்தபுரம் பக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தார்கள். அங்கே பதிவு வேலையைப் பார்த்த பிலோமினா பத்து நிமிடத்தில் நாலு முறை போன் செய்துவிட்டாள். "சார், ஜல்தி சார். வேன்காரன் வேற பேஜார் பண்ணிக்கினு இருக்கான்" என்றாள். நல்ல நாளுக்குத் திருப்பினேன். எழுந்தது. பட்டியல் இருநூற்று நான்கோடு நின்றது. உண்மையில் நாங்கள் இருநூற்று இருபத்தாறு வரை போயிருந்தோம். இருபத்திரண்டு பெயர்களை ஏற்ற வேண்டும். மதியம் செய்துகொள்ளலாம், இப்போது முகாம் நடக்கட்டும் என்று விட்டேன். மதியம் மோட்டார் ரிப்பேர் ஆனது. அதைப் பார்க்கப் போனேன். அப்புறம் அந்த இருபத்திரண்டு பெயர்களை அடியோடு மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி இருக்கும். கால் பொருத்திப் பார்க்கும் கூடத்தில் ஒரு பிரிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எதிரே அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பழைய செயற்கைக் காலில் விரிசல் விட்டிருந்ததால், அதைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலைக்கு அவளுக்கு ஆர்டர் வந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். காலை முழுக்க அடுப்படியில் நிற்கிற வேலை. விரிசல் விட்ட காலோடு போனால் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துபோயிருந்தாள்.

புதுக் கால் புதன்கிழமையே தயாராகிவிட்டது. ஆனால் உள்ளே இறங்கவில்லை. அன்று கால் வடிவமைக்கும் அம்மா திண்டிவனத்தில் இருந்தார். உதவிக்கு இருந்தவர், "வீங்கியிருக்கும்மா, கட்டுப் போட்டுக்கினு வெள்ளிக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார். அது இயல்புதான். மீதிக் கால் சில நாள் வீங்கும், சில நாள் சுருங்கும். வெள்ளிக்கிழமையும் இறங்கவில்லை. அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தாள்.

அந்த அம்மாவின் பெயரை எழுதப் போவதில்லை, எழுதினால் என்னிடம் சண்டைக்கு வருவார். என்னைவிட இருபது வயது சின்னவர். அவரிடம் கற்றதில் கால்வாசிகூட நான் வேறு யாரிடமும் கற்றதில்லை. அவர், "போதும், அழுத்தாதீங்க" என்றார்.

"உடுங்க மேடம், என் காலுதான் ஊதிப்போச்சு" என்றாள் அஞ்சலை. "நானும் ரெண்டு நாளா இறுக்கி இறுக்கிக் கட்டிக்கினுதான் இருக்கேன். அடங்க மாட்டேங்குது. உங்களுக்குத்தான் என்னால ரோதனை."

அந்த அம்மா சாக்கெட்டை வாங்கி, உள்ளே கைவிட்டு விரலால் மெதுவாகத் தடவினார். பிறகு அஞ்சலையின் காலைத் தடவினார். மறுபடி சாக்கெட்டை. எழுந்து என்னிடம் வந்து, அவளுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"சார், இது அவங்க கால் இல்ல. யாரோ ஆம்பள காலு. இந்த எலும்பு முடிச்சு அவங்களுக்கு ஒரு விரக்கடை மேல இருக்குது. நானே பார்த்துத் திருத்தினது, எனக்குத் தெரியாதா? அந்த ஃபைலு என்னிக்கு சேவ் ஆச்சின்னு பாருங்க."

அஞ்சலையின் அட்டையில் எண் இருநூற்றுப் பதினான்கு. பத்து நாளுக்கு முன்பு ஸ்கேன் எடுத்தது. சேமிப்புப் பெட்டியில் அந்த எண்ணைத் திறந்தேன். தேதி திங்கட்கிழமை என்றிருந்தது. 

நீங்கள் இதற்குள் புரிந்துகொண்டிருப்பீர்கள். வி.எம். பழைய நாளுக்குப் போய்விட்டது. சேமிப்புப் பெட்டி எங்கும் போகவில்லை. உள்ளே இருந்த சாஃப்ட்வேர் முகாமுக்கு வந்தவர்களுக்கு இருநூற்று ஐந்திலிருந்து மறுபடியும் எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்களில் ஏற்கெனவே ஆட்கள் இருப்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு புது வடிவமும் ஒரு பழைய வடிவத்தின் தலைமேல் போய் உட்கார்ந்திருக்கிறது. அஞ்சலையின் எண்ணில் உட்கார்ந்தவர் கூட்டேரிப்பட்டில் இளநீர் விற்கும் பெரியவர். கடைசல் பிரிவில் அட்டையிலுள்ள எண்ணைப் பார்த்து ஃபைலை எடுத்தார்கள். பெரியவரின் காலை அஞ்சலைக்குக் கடைந்துவிட்டார்கள்.

அப்போதுதான் உறைத்தது, திண்டிவனத்தில் இந்த நிமிடமும் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டியல் இருநூற்று இருபதில் நின்றது. இன்னும் ஆறு பேருடைய வடிவம் பிழைத்திருக்கிறது. போனை எடுத்தேன்.

"பிலோமினா, மவுஸ்ல இருந்து கைய எடு."

"இன்னா சார்? ஒருத்தரு ஸ்கேன் முடிச்சிட்டு உக்காந்துக்கினு இருக்காரு. சேவ் பண்றப்ப ஏற்கெனவே இருக்குது, மாத்தவான்னு கேக்குது. ஆமான்னு குடுக்கப் போறேன்."

"குடுக்காத. எதையும் தொடாத. அப்படியே உடு."

"நீங்கதான சார் சொன்னீங்க, அது சும்மா சும்மா கேட்டுக்கினு இருக்கும், எது கேட்டாலும் ஆமான்னு குடும்மான்னு?"

சொன்னது நான்தான். அந்தப் பழைய சாஃப்ட்வேர் தும்மினால்கூட ஒரு கேள்வி கேட்கும். தொல்லை தாங்காமல், சேர்ந்த முதல் நாளே அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை அது பத்து முறை எச்சரித்திருக்கிறது. பத்து முறையும் அவள் என் சொல்லைத் தட்டவில்லை.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன். அது தப்பு. உன் மேல ஒண்ணும் இல்ல. வந்தவங்கள டீ குடிச்சிட்டு வரச் சொல்லு" என்றேன்.  "சரிங்க சார்" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. பதற்றத்தில் அவளைத் திட்டாமல் இருந்தேனே என்று இன்றுவரை நிம்மதி.

போனை வைத்ததும் என் கை தானாக எங்கே போனது தெரியுமா? நல்ல நாளுக்கு. இன்னொரு முறை திருப்பிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒழுங்காக ஏற்றலாம் என்று மனசு சொன்னது. திருப்பினால் உள்ளே எல்லாம் சுத்தமாகிவிடும். நான் திங்கட்கிழமை திருப்பியதற்கான சுவடும் போய்விடும். இந்த இரண்டாவது காரணம்தான் என்னை அதிகம் இழுத்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தப் புது ஆள் எந்தப் பழைய ஆளின் எண்ணில் உட்கார்ந்தார் என்பதற்கு அந்தக் கோணல் பட்டியல்தான் ஒரே சாட்சி. அதை அழித்தால் இன்னும் எத்தனை பேருக்கு அடுத்தவர் காலை மாட்டப் போகிறோம்? கையை எடுத்துக்கொண்டேன். அந்தப் பட்டியலை அப்படியே பிரிண்ட் எடுத்தேன். நல்லவேளை, கழற்றிய பிரிண்டர் மறுபடி மாட்டியதும் ஓடியது.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தினமும் கடைசி நிலையை மட்டும் வைத்துக்கொள்ளும். தப்பான வடிவத்தையும் அது விசுவாசமாக நகலெடுத்து வைத்திருந்தது.

நிலைய மேலாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், அஞ்சலையே வீக்கம்னுதான நெனச்சிக்கினு இருக்காங்க. அப்படியே இருக்கட்டுமே. புதுசா ஒரு ஸ்கேன் எடுத்துக் குடுத்துடலாம். எதுக்கு வெளிய தெரியணும்?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. யாருக்கும் நஷ்டமில்லை, அவளுக்குக் கால் கிடைத்துவிடும். வாசலில் நின்ற அந்த அம்மா சொன்னார்: "இறுக்கிக் கட்டிக் கட்டிப் புண்ணு பண்ணி வச்சிருக்காங்க சார். அவங்க கால் மேல அவங்களுக்கு அவ்ளோ கோவம்."

நான் கூடத்துக்குப் போனேன். அஞ்சலை மீதிக் காலைத் துணியால் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். என்னைக் கண்டதும் துணியை இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

"அஞ்சலை, கட்டாதீங்க. உங்க கால் மேல தப்பே இல்ல. தப்பு என் மேல."

அவளுக்குப் புரியவில்லை. பேர் எழுதுகிற நோட்டில் சில பக்கங்களை நான் கிழித்துவிட்டேன், அதனால் உங்கள் நம்பரை வேறு ஒருத்தருக்கும் கொடுத்துவிட்டார்கள், இது அவர் கால் அளவு, உங்களுக்கு எப்படி இறங்கும் என்று சொன்னேன். சாக்கெட்டைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் தண்ணி குடிக்கலாங்களா சார்?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மாதான் பக்கத்தில் வந்து, "ஏன், தண்ணி குடிக்காம இருக்கீங்களா?" என்று கேட்டார். தண்ணீரும் உப்பும் சேர்ந்தால் உடம்பு ஊதும் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து அவள் வாயை மட்டும் நனைத்துக்கொண்டு, உப்பில்லாத கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த வெயிலில், டியூப் சுற்றிய காலோடு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கால் சுருங்கினால் போதும், திங்கட்கிழமைக்குள் இறங்கிவிடும் என்று.

அந்த அம்மா தன் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அஞ்சலை நிறுத்தாமல் குடித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, மிச்சத்தையும் குடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயதில், ஊழியர்கள் பத்துப் பேர் பார்க்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

அவளிடம் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம் அந்த அம்மா விளக்கினார். அன்றைக்கே புது ஸ்கேன் எடுத்திருப்போம். வாடிச் சுருங்கிய காலின் வடிவத்தை எடுத்து, அதற்குக் கச்சிதமாக ஒரு சாக்கெட் செய்திருப்போம். நாலு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டதும் அதுவும் இறங்காமல் போயிருக்கும். அவள் மறுபடியும் தண்ணீரை நிறுத்தியிருப்பாள்.

"இன்னிக்கு ஸ்கேன் கிடையாது" என்றார் அந்த அம்மா. "நல்லா சாப்புடுங்க, தண்ணி குடிங்க, கட்டே போடாதீங்க. நாளைக்கு சாயங்காலம் எடுக்கறேன். ஞாயித்துக்கிழம போட்டுப் பாத்துடலாம்."

"திங்கக்கிழம நான் போய் சேரலன்னா அந்த ஆர்டரு என்னாத்துக்கு மேடம்?"

"சேருவீங்க."

அவளை ஊருக்கு அனுப்பவில்லை. நிலையத்திலேயே தங்க ஓர் அறை ஒழித்துக் கொடுத்தவர் அந்த மேலாளர்தான். வீட்டிலிருந்து சாப்பாடும் கொண்டுவந்தார், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, சட்னியோடு. பயந்தவர்களைச் சீக்கிரம் கெட்டவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நான் அந்தச் சனிக்கிழமை முழுவதும் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தேன். திண்டிவனத்திலிருந்து பிலோமினா ஒவ்வொரு பெயராகப் போனில் படித்தாள், நான் சரிபார்த்தேன். பதினாறு பேருடைய வடிவம் அழிந்திருந்தது. பதினாறு பேரிடமும் நானே பேசி, நடந்ததைச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே கால் வாங்கிக்கொண்டு போனவர்கள். அடுத்த முறை புதிதாக ஸ்கேன் எடுத்தால் போதும். மூன்று பேரைத் திரும்ப வரச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் நன்றாக ஏசினார். கேட்டுக்கொண்டேன்.

நீங்கள் எதிர்பார்க்கும் அறிவுரை இதுதான். ஸ்னாப்ஷாட்டைத் திருப்பும்போது உள்ளே இருப்பது மட்டும்தான் திரும்பும். வெளியே, பொதுப் பெட்டியில், உலகம் நடந்துகொண்டே இருந்திருக்கும். அதனால் திருப்புவதற்கு முன்னால், இந்த இடைப்பட்ட நாளில் வெளியே யார் யார் வந்துபோனார்கள் என்று கேளுங்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, பட்டியலைச் சரிசெய்து முடித்த பிறகே உள்ளே விடுங்கள். வரிசையில் நிற்பவர்கள் கத்தினால் கத்தட்டும். திரை கேட்கும் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் சொல்ல யாரையும் பழக்கிவிடாதீர்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நம் தப்பு போய்ச் சேரும் இடத்தில் இருப்பவருக்கு வி.எம். தெரியாது, ஷேர் தெரியாது. கம்ப்யூட்டர் தப்பு செய்யும் என்றே அவருக்குத் தோன்றாது. அவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். வாய்விட்டுச் சொல்ல வேண்டியது நம் கடமை.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கேன் எடுத்தார்கள். வடிவத்தைச் சேமிக்கும்போது அந்த அம்மா என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, எண்ணை இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாக்கெட் வந்தது. அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு காலை உள்ளே விட்டாள். இறங்கியது. புண் இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பஞ்சு வைத்தார்கள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலு முறை நடந்தாள்.  பைக்குள் பழைய காலைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் பெரிய அண்டாவில் கரண்டி உரசும் சத்தம், பிள்ளைகள் ஒப்பிக்கும் சத்தம்.

"சார், அஞ்சலை பேசறேன். சேந்துட்டேன் சார். சாம்பாரு கொதிச்சிக்கினு இருக்குது, போன ஜல்தியா வச்சிடறேன்."

"காலு எப்படிம்மா இருக்குது? கொஞ்சம் உக்காந்து பேசுங்க."

"எதுக்கு உக்காரணும்?" என்று சிரித்தாள். "எட்டு மணிலேந்து நின்னுக்கினுதான் சார் இருக்கேன்."